சேமித்த பணியிடம் கட்டளை வரியில் திறக்கவில்லையா? ஆர் மொழிக்கான அறிகுறிவழிப் பிழைநீக்கம்

ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் வேலையை முடித்து வெளியேறும்போது பணியிடத்தைச் சேமிக்கவா என்று கேட்கப்படும். ஆம் என்று விடையளித்தால், அந்நேரம் நினைவகத்தில் இருந்த தரவுச்சட்டகங்கள் (அட்டவணை வடிவத் தரவுகள்), மாதிரிகள், நாமே எழுதிய சார்புகள் யாவும் .ஆர்டேட்டா என்னும் ஒரே கோப்பில் எழுதப்படும். அதே கோப்புறையில் ஆர் மீண்டும் தொடங்கினால் அவை திரும்பி வந்துவிடும். ஆர் மொழிக்கான சாளரச் செயலியான ஆர் ஸ்டூடியோவுக்குள் மட்டும் வேலை செய்பவருக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய தொல்லை தெரிவதில்லை. தொல்லை தொடங்குவது கட்டளை வரிக்கு வரும்போதுதான். யாழ்ப்பாணத்தில் இதை அதிகம் எதிர்கொள்பவர்கள், வீட்டில் விண்டோஸ் மடிக்கணினியில் பகுப்பாய்வைத் தொடங்கி, கணக்கு நீண்டதும் லினக்ஸ் சேவையகத்துக்கு அதைக் கொண்டுபோகும் ஆய்வு மாணவர்கள். இங்கே எடுத்துக்காட்டாக வரும் கிணறு.ஆர்டேட்டா என்ற கோப்பில், வலிகாமத்துக் கிணறுகளின் நைத்திரேற்று அளவுகள் ‘நீர்’ என்ற தரவுச்சட்டகமாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கேற்பத் தமிழில் எழுதியுள்ளேன். தட்டச்சிடும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் இட வேண்டும்; முன்னே வரும் புள்ளி, இரட்டைக் கோடு, அடைப்புக்குறி ஆகியவை இங்கே உள்ளபடியே வர வேண்டும். .ஆர்டேட்டா என்பதில் ஆர், டி ஆகிய இரண்டும் பெரிய எழுத்துகள். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. லினக்ஸில் எழுத்து மாறினால் அது வேறு கோப்பு.

அறிகுறி: ஆர் ஒழுங்காகத் தொடங்குகிறது, ஆனால் பணியிடம் வெறுமையாக இருக்கிறது

எல்எஸ்() என்று கேட்டால் எதுவும் இல்லை என்ற விடை வருகிறது. கோப்பு பழுதாகிவிட்டது என்று பதறுவதற்கு முன், ஆர் எந்தக் கோப்புறையில் நிற்கிறது என்பதை கெட்டபிள்யூடி() மூலம் பார்க்க வேண்டும். தானாக மீட்கப்படுவது, தொடங்கிய கோப்புறையில் உள்ள .ஆர்டேட்டா மட்டுமே. ஆர் வேறெங்கும் தேடிப் போவதில்லை. பெயர் வைத்துச் சேமித்த கிணறு.ஆர்டேட்டா அருகிலேயே இருந்தாலும் அதைத் தானாகத் தொடுவதுமில்லை. மீட்பு நடந்திருந்தால், தொடக்க வாசகங்களின் முடிவில், முன்னர் சேமித்த பணியிடம் மீட்கப்பட்டது என்னும் பொருளுடைய ஒரு வரி சதுர அடைப்புக்குள் தோன்றும். அந்த வரி இல்லையென்றால் மீட்பும் நடக்கவில்லை.

பெயர் புள்ளியில் தொடங்குவதால் லினக்ஸின் சாதாரண எல்எஸ் கட்டளை இந்தக் கோப்பைக் காட்டாது. எல்எஸ் -ஏ என்று கேட்க வேண்டும். நேர அட்டவணைப்படி கிரான் மூலம் ஓடும் வேலை, பாவனையாளரின் வீட்டுக் கோப்புறையிலிருந்து தொடங்கும். விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் தொடங்கும் இடத்தைக் குறிப்பிடாமல் விட்டால், வேலை சிஸ்டம்32 கோப்புறையில் போய் நிற்கும். இரண்டு இடங்களிலும் நமது .ஆர்டேட்டா இருக்கப் போவதில்லை. ஆகவே தானாக ஓடும் வேலைகளில், சேமித்த கோப்பைத் திறக்கும் லோட்() சார்புக்கு முழுப் பாதையையும் கொடுப்பதே பாதுகாப்பானது.

விண்டோஸ் பாதையை அப்படியே ஒட்டும்போது இன்னொரு தடுக்கல் உண்டு. பின்சாய்கோட்டுக்குப் பின் யூசர்ஸ் என்ற சொல் வருவதால், ஆர் அதை யூனிகோட் குறியீட்டின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, பதினாறிம இலக்கங்கள் இல்லை என்று முறையிடும். முன்சாய்கோடாக மாற்றினால், அல்லது பின்சாய்கோட்டை இரட்டித்தால், முறைப்பாடு நீங்கும்.

அறிகுறி: ஆர் திறந்து பார்த்தால் தரவு இருக்கிறது, ஆர்ஸ்கிரிப்ட் மூலம் ஓட்டினால் ‘நீர்’ என்ற பொருள் கிடைக்கவில்லை என்கிறது

இதுவே மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். கட்டளை வரியிலிருந்து ஆர் மொழிக்குள் நுழையப் பல வாசல்கள் உள்ளன. சேமித்த பணியிடத்தை அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக நடத்துகின்றன.

ஆர் என்று மட்டும் இட்டால் .ஆர்டேட்டா மீட்கப்படும், வெளியேறும்போது சேமிக்கவா என்று கேட்கப்படும். ஆர் -இ என்று ஒரு கட்டளையைக் கொடுத்தாலும், ஆர் -எஃப் என்று ஒரு கோப்பைக் கொடுத்தாலும் மீட்பு நடக்கும். ஆனால் --சேவ் என்று கேட்டாலன்றி முடிவில் எதுவும் சேமிக்கப்படாது. ஆர்ஸ்கிரிப்ட் தனக்குள்ளேயே --நோ-ரெஸ்டோர் என்ற தெரிவைச் சேர்த்துக்கொண்டே தொடங்குகிறது, ஆகவே அங்கே .ஆர்டேட்டா இயல்பாகக் கவனிக்கப்படுவதில்லை. --வனிலா என்ற தெரிவு மீட்பு, சேமிப்பு, ஆர் தொடங்கும்போது தானாக ஓடும் தொடக்கக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்திவிடும்.

ஆர் சிஎம்டி பேட்ச் இதற்கு நேர்மாறானது. அதன் இயல்பான தெரிவுகளில் மீட்பும் உண்டு, சேமிப்பும் உண்டு. நிரல் முடியும்போது, கேட்காமலேயே, அந்தக் கோப்புறையின் .ஆர்டேட்டா மீது புதிய பணியிடம் எழுதப்படும். பகலில் கையால் திருத்திச் சேமித்த தரவுச்சட்டகத்தை இரவு ஓடும் நிரல் மாற்றினால், காலையில் எஞ்சியிருப்பது மாற்றப்பட்டதுதான். இந்தக் காரணத்தால், பேட்ச் முறையைப் பாவிப்பவர்கள் --நோ-ரெஸ்டோர், --நோ-சேவ் ஆகிய இரண்டையும் வெளிப்படையாக எழுதுவதை நான் வலியுறுத்துவதுண்டு.

ஆர்ஸ்கிரிப்ட் செய்வது குறையன்று. தனக்கு வேண்டிய தரவைத் தானே கேட்டுப் பெறும் நிரல்தான் இன்னொரு கணினியிலும் ஓடும். எனவே தீர்வு, நிரலின் முதல் வரியாக லோட்("கிணறு.ஆர்டேட்டா") என்று எழுதுவதே. கோப்பின் பெயர் ஒவ்வொரு முறையும் மாறுமானால் அதைக் கட்டளை வரியிலேயே கொடுத்து, நிரலுக்குள் கமாண்ட்ஆர்க்ஸ்(டிரெய்லிங்ஒன்லி = ட்ரூ) என்பதன் முதல் உறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். அதை லோட்() சார்புக்குக் கொடுக்கும் முன், ஃபைல்.எக்ஸிஸ்ட்ஸ்() மூலம் கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் தெளிவான ஒரு செய்தியுடன் நிறுத்துவது, நள்ளிரவில் ஓடி நின்ற வேலையின் காரணத்தைக் காலையில் தேடும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: கோப்பின் பெயரைக் கொடுத்தும் அது புறக்கணிக்கப்பட்டது என்ற செய்தி வருகிறது

விண்டோஸில் ஆர்டெர்ம் அல்லது ஆர்ஜியுஐ கட்டளைக்குப் பின்னால் கிணறு.ஆர்டேட்டா என்று எழுதினால் அந்தப் பணியிடம் திறக்கும். வேலைக் கோப்புறையும் அந்தக் கோப்பு இருக்கும் இடத்துக்கு மாறும். கோப்பின் மீது இருமுறை சொடுக்கும்போது நடப்பதும் இதுவே. இந்தப் பழக்கத்துடன் லினக்ஸுக்கு வருபவர் ஆர் கிணறு.ஆர்டேட்டா என்று இடுவார். அங்கே ஆர்கியூமென்ட் இக்னோர்ட் என்ற ஒரு வரி மட்டும் தோன்றி, வெறும் பணியிடம் திறக்கும். லினக்ஸில் அந்த வசதி இல்லை.

திறந்த பின் லோட்() இடுவதே எளிய வழி. நாள்தோறும் வெவ்வேறு பணியிடங்களைத் திறப்பவர், ஒரு சிறிய தொடக்கக் கோப்பில் லோட்(சிஸ்.கெட்என்வ்("பணி")) என்ற ஒரே வரியை எழுதி, ‘பணி’ என்ற சூழல்மாறியில் பாதையையும், ஆர்_ப்ரொஃபைல்_யூசர் என்ற சூழல்மாறியில் அந்தத் தொடக்கக் கோப்பின் பெயரையும் இட்டு ஆர் மொழியைத் தொடங்கலாம். இங்கே ஒழுங்குமுறையை அறிந்திருக்க வேண்டும். தொடக்கக் கோப்பு முதலில் ஓடும்; அதன் பிறகே அந்தக் கோப்புறையின் .ஆர்டேட்டா மீட்கப்படும். ஆகவே அதில் ‘நீர்’ என்ற பெயரில் வேறு பொருள் இருந்தால், நாம் திறந்த கோப்பின் ‘நீர்’ சத்தமின்றி மறைந்துவிடும். --நோ-ரெஸ்டோர்-டேட்டா என்ற தெரிவைச் சேர்த்தே தொடங்க வேண்டும்.

அறிகுறி: பவர்ஷெல்லில் ஆர் என்று இட்டால் ஆர் திறக்காமல் வேறெதுவோ நடக்கிறது

பவர்ஷெல்லில் ஆர் என்ற ஓரெழுத்து, முந்தைய கட்டளையை மீண்டும் ஓட்டுவதற்கான குறுக்குப்பெயர். ஆர்.இஎக்ஸ்இ என்று முழுப்பெயரை இட வேண்டும். அதுவும் அடையாளம் காணப்படவில்லையென்றால், நிறுவிய இடத்தில் உள்ள ‘பின்’ என்னும் பெயருடைய கோப்புறை, கட்டளைகளைத் தேடும் இடங்களைக் கூறும் பாத் மாறியில் சேர்க்கப்படவில்லை என்று பொருள். விண்டோஸ் நிறுவி அதைத் தானாகச் சேர்ப்பதில்லை.

அறிகுறி: லோட்() பிழையின்றி முடிந்தது, ஆனால் கிடைத்தது தரவு அல்ல

நீர் <- லோட்("கிணறு.ஆர்டேட்டா") என்று எழுதியவருக்கு, ‘நீர்’ என்பதில் தரவுச்சட்டகம் இராது, கோப்பிலிருந்து வந்த பொருள்களின் பெயர்ப்பட்டியல் எழுத்துச்சரமாக இருக்கும். லோட்() பொருள்களைத் தாமிருந்த பழைய பெயரிலேயே சூழலில் வைத்துவிட்டு, பெயர்களை மட்டும் திருப்பித் தருகிறது. மேலே உள்ள வரியில், கோப்பிலிருந்த ‘நீர்’ முதலில் வந்து, உடனேயே பெயர்ப்பட்டியலால் அழிக்கப்படுகிறது என்பதே கொடுமை. வர்போஸ் = ட்ரூ என்று சேர்த்தால் வந்த பொருள்களின் பெயர்கள் திரையிலும் தெரியும்.

இதன் உறவுக்காரப் பிழை, சார்பு ஒன்றுக்குள் லோட்() எழுதுவது. பொருள்கள் அந்தச் சார்பின் உள்ளூர்ச் சூழலுக்குள் வருகின்றன. சார்பு முடிந்ததும் போய்விடுகின்றன. வெளியே வேண்டுமென்றால் என்விர் = குளோபல்என்வ்() என்று குறிப்பிட வேண்டும். எனினும், ஒரே பொருளைச் சேமித்து மீட்பதே நோக்கமானால், சேவ்ஆர்டிஎஸ்(), ரீட்ஆர்டிஎஸ்() இணையே என் தெரிவு: மீட்கும் பொருளுக்கு நாம் விரும்பிய பெயரை நாமே இடலாம்.

அறிகுறி: தொடங்கும்போதே ஒரு பொதி இல்லை என்று கூறி ஆர் மூடிக்கொள்கிறது

சேமித்த தரவை மீட்க முடியவில்லை என்ற செய்தியுடன் ஆர் நின்றுவிடும். அதற்கு மேல்வரியில், இல்லாத பொதியின் (ஆர் மொழியில் கூடுதலாக நிறுவும் சார்புத் தொகுப்பின்) பெயர் இருக்கும். பணியிடத்தில் இருந்த ஏதோவொரு பொருள், அந்தப் பொதியின் பெயர்வெளியைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. புதிய கணினியில் அந்தப் பொதி நிறுவப்படவில்லை. உள்ளே போக முடியாததால் பொதியை நிறுவவும் முடியாது என்று பலர் இங்கே திகைத்து நிற்பதுண்டு. ஆர் --நோ-ரெஸ்டோர் என்று தொடங்கினால் கதவு திறக்கும். பொதியை நிறுவி, வெளியேறி, மீண்டும் வழமைபோல் தொடங்கினால் போதும். ஆர் பொதிகளுக்கான கிரான் களஞ்சியத்தின் (முன்னே சொன்ன நேர அட்டவணைக் கிரான் வேறு) நடப்புப் பட்டியலில் அந்தப் பொதி இல்லையென்றால், பழைய பதிப்புகள் அதன் ஆவணக் கோப்புறையில் கிடைக்கும்.

அறிகுறி: ‘பேட் ரெஸ்டோர் ஃபைல் மேஜிக் நம்பர்’ என்ற செய்தி, அல்லது கோப்பு வெறுமை என்ற செய்தி

முதற்செய்தியின் முடிவில் கோப்பு பழுதாகியிருக்கலாம் என்று எழுதியிருப்பதால் பலர் கோப்பை எறிந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது நல்ல கோப்பே. சேவ்ஆர்டிஎஸ்() மூலம் எழுதியதை லோட்() மூலம் திறக்க முயன்றிருப்பார்கள். ரீட்ஆர்டிஎஸ்() பாவித்துப் பார்க்க வேண்டும். மறுதலையாக, .ஆர்டேட்டா கோப்பை ரீட்ஆர்டிஎஸ்() திறக்க முயன்றால், அறியாத உள்ளீட்டு வடிவம் என்ற செய்தி வரும். எது எதுவென்று தெரியாதபோது, லினக்ஸில் ஜிசிப் -டிசி மூலம் கோப்பை விரித்து முதல் ஐந்து எழுத்துகளைப் பார்த்தால் போதும்: ஆர்டிஎக்ஸ்2 அல்லது ஆர்டிஎக்ஸ்3 என்று தொடங்கினால் அது லோட்() திறக்கும் கோப்பு, எக்ஸ் என்ற ஒற்றை எழுத்துடன் முதல் வரி முடிந்தால் அது ரீட்ஆர்டிஎஸ்() திறக்கும் கோப்பு.

உண்மையான பழுதும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்தடை ஏற்பட்டால் அல்லது பென் டிரைவை அவசரமாகப் பிடுங்கினால் கோப்பு பாதியில் நின்றிருக்கும். அப்போது ரீட்ஐட்டம் என்று தொடங்கும் செய்தி வந்து, இது பிந்திய ஆர் பதிப்பால் எழுதப்பட்டிருக்கலாம் என்று நம்மைத் தவறான திசையில் அனுப்பலாம். ஜிசிப் -டி < கிணறு.ஆர்டேட்டா என்று சோதித்தால், கோப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று அது நேரடியாகச் சொல்லிவிடும். அதற்குப் பின் பதிப்பைத் தேடி அலையத் தேவையில்லை.

2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு இங்கே ஒரு வேறுபாடு பயன்படும். பணியிடம் முழுவதையும் சேமிக்கும் சேவ்.இமேஜ்() இயல்பாகவே முதலில் .ஆர்டேட்டாடிஎம்பி என்ற தற்காலிகக் கோப்பில் எழுதி, எழுதி முடிந்த பின்னரே பெயரை மாற்றுகிறது. இடையில் மின்சாரம் போனாலும் பழைய .ஆர்டேட்டா தப்பிவிடும், அநாதையான தற்காலிகக் கோப்பு ஒன்றே மிஞ்சும். பெயர் குறித்த பொருள்களை மட்டும் சேமிக்கும் சேவ்() சார்புக்கு அந்தக் காப்பு இல்லை. அது நேரே இலக்குக் கோப்பின் மீதே எழுதுகிறது. ஆகவே சேவ்() பாவிப்பவர், வேறு பெயரில் எழுதிவிட்டு ஃபைல்.ரீநேம்() மூலம் பெயர்மாற்றும் பழக்கத்தைத் தாமே கைக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: பணியிடப் பதிப்பு 3 என்றும் புதிய ஆர் வேண்டும் என்றும் கூறுகிறது

இது செய்தி உண்மையைச் சொல்லும் இடம். 2018இல் வந்த ஆர் 3.5.0 புதிய சேமிப்பு வடிவத்தை அறிமுகப்படுத்தியது. 2019இல் வந்த 3.6.0 அதை இயல்பாக்கியது. 3.5.0க்கு முந்திய ஆர் அதைப் படிக்காது. பழைய கணினியில் ஆர் பதிப்பை உயர்த்த முடியாதென்றால், புதிய கணினியில் வெர்ஷன் = 2 என்று சேர்த்து மீண்டும் சேமித்துக் கொண்டுவர வேண்டும்.

அறிகுறி: தரவு திறந்துவிட்டது, ஆனால் தமிழ்ப் பெயர்கள் குறியீடுகளாகத் தெரிகின்றன

சுன்னாகம், கோப்பாய், உரும்பிராய் என்று தரவுச்சட்டகத்தில் இருந்த ஊர்ப்பெயர்கள், கோண அடைப்புகளுக்குள் யூனிகோட் எண்களின் நீண்ட வரிசையாக அச்சாகின்றன. தரவுக்கு எந்தச் சேதமும் இல்லை. காட்டும் இடத்தில்தான் குறை. விண்டோஸில் இயங்கும் ஆர் 4.2.0க்கு முந்தியதானால், அதன் எழுத்துக்குறியாக்கத்தில் தமிழுக்கு இடமில்லை. 4.2.0 தொடக்கம், விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலும் அதற்குப் பிந்தியவற்றிலும், யுடிஎஃப்-8 இயல்பாகப் பாவிக்கப்படுகிறது. தமிழில் பெயரிட்ட கோப்புறைகளைத் திறப்பதில் இருந்த தொல்லையும் அதனோடு பெருமளவு குறைந்தது.

லினக்ஸில் கையால் ஓட்டும்போது தமிழ் சரியாகத் தெரிந்து, கிரான் மூலம் ஓட்டும்போது மட்டும் எண்களாக வருமானால், அங்கே லாங் என்ற சூழல்மாறி இடப்படவில்லை. கிரான் அட்டவணையின் தலைப்பில் லாங்=சி.யுடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகும்.

அறிகுறி: பொருள் இருக்கிறது, ஆனால் தொட்டால் பிழை

தரவுத்தள இணைப்பு, டெரா பொதியின் நிலப்பட அடுக்கு போன்றவை உண்மையில் நினைவகத்தின் ஓரிடத்தைச் சுட்டும் சுட்டிகள். சேமிக்கும்போது சுட்டியின் கூடு மட்டும் கோப்புக்குள் போகிறது. மீட்டபின் அது எதையும் சுட்டுவதில்லை. இணைப்பை மறுபடி ஏற்படுத்த வேண்டும். டெரா அடுக்கானால் சேமிக்கும் முன் ராப்() மூலம் பொதிந்து வைக்க வேண்டும். லைப்ரரி() மூலம் ஏற்றிய பொதிகளும் பணியிடத்தில் சேமிக்கப்படுவதில்லை. சார்பு கிடைக்கவில்லை என்ற பிழைக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

அறிகுறி: எதுவும் பிழை சொல்லவில்லை, ஆனால் விடை சந்தேகமாக இருக்கிறது

மேலே உள்ள எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுவே. ஏனெனில் தேடத் தூண்டும் செய்தி எதுவும் திரையில் வராது. மீட்கப்பட்ட பணியிடம், தேடல் வரிசையில் எல்லாப் பொதிகளுக்கும் முன்னே நிற்கிறது. சென்ற ஆண்டு நாமே எழுதிய ஒரு சார்பு அதில் கிடந்தால், பொதியிலுள்ள அதே பெயருடைய சார்பை அது மறைத்துவிடும். நிரலில் ‘நீர்’ என்ற பொருளை உருவாக்கும் வரியைத் தவறுதலாக நீக்கியிருந்தாலும், பழைய ‘நீர்’ அங்கே இருப்பதால் நிரல் முறுவலுடன் ஓடி முடியும். அதே நிரலை ஆர் --வனிலா -எஃப் என்று ஓட்டிப் பார்ப்பதே சோதனை. அங்கே பிழை வந்தால், இதுவரை பெற்ற விடைகள் பழைய பணியிடத்தின் தயவில் வந்தவை.

இதன் நுட்பமான வடிவம் ஒன்று, ஒப்புருவாக்கம் செய்பவர்களைத் தாக்கும். எழுமாற்று எண்களின் நிலையை வைத்திருக்கும் .ரேண்டம்.சீட் என்ற பொருளும் .ஆர்டேட்டாவில் சேமிக்கப்படுகிறது, பெயர் புள்ளியில் தொடங்குவதால் எல்எஸ்(ஆல்.நேம்ஸ் = ட்ரூ) என்று கேட்டாலன்றித் தெரியாது. மீட்பை அனுமதித்து, சேமிப்பை நிறுத்தி ஒரே நிரலைப் பலமுறை ஓட்டினால், ஒவ்வொரு முறையும் அதே ‘எழுமாற்று’ எண்களே வரும். செட்.சீட்(நல்) என்ற ஒரு வரி நிலையைப் புதுப்பிக்கும்.

அறிகுறி: பிறர் அனுப்பிய பணியிடத்தைத் திறந்ததும் நாம் கேட்காத ஏதோ ஓடுகிறது

.ஆர்டேட்டாவுக்குள் .ஃபர்ஸ்ட் என்ற சார்பு இருந்தால், தொடக்கத்தில் மீட்பு முடிந்த உடனே ஆர் அதை ஓட்டும். கையால் லோட்() இட்டால் அது ஓடாது. ஆனால் லோட்() முற்றிலும் பாதுகாப்பானது என்று கொள்ளவும் கூடாது: கோப்பைப் படிக்கும் முறையில் இருந்த, தீய நிரலை ஓடவைக்கக்கூடிய ஒரு குறை 2024 ஏப்ரலில் வந்த ஆர் 4.4.0இல்தான் திருத்தப்பட்டது. எனவே அறிமுகமில்லாத கோப்பை, அந்தப் பதிப்பிலோ அதற்குப் பிந்தியதிலோ, ஆர் --வனிலா என்று தொடங்கி, நியூ.என்வ்() மூலம் உருவாக்கிய தனிச் சூழலுக்குள் லோட்() செய்து, எல்எஸ்() மூலம் உள்ளே இருப்பவற்றைப் புள்ளிப் பெயர்கள் உட்படப் பார்த்து, வேண்டிய பொருளை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். அனுப்பியவர் தெரிந்தவராயின் அதைவிட எளிய வழி உண்டு: பணியிடத்துக்குப் பதிலாகத் தரவைச் சிஎஸ்வி கோப்பாக அனுப்பும்படி கேட்கலாம்.